எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்?

சிங்கப்பூரில் 23 வருடம் கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) மேனேஜராக வேலை பார்த்தவள் நான். அபராதக் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை. இப்போது அதே மாதிரிக் கடிதங்களை வைத்துக்கொண்டு விழிக்கிற வாசகர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. "செய்த வினை" என்கிறார் என் வீட்டுக்காரர். போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொண்டோ அபராதம்தான். அவற்றிலிருந்து மூன்றும், வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழக வீட்டுக்காரர் ஒருவரின் கேள்வியும் இங்கே.

*

கேள்வி: அக்கா, செங்காங்கில் ஒரு கொண்டோவில் 9-ஆவது மாடியில் இருக்கிறோம். சொந்த வீடு. பேரனுக்கு 3 வயது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறுகிற வயது. பயந்துபோய் ஹால், படுக்கையறை ஜன்னல்களுக்கு உள்பக்கமாகக் கிரில் போட்டோம். ஒரு மாதம் கழித்து மேனேஜ்மென்ட்டிலிருந்து கடிதம். அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தோற்றத்தை மாற்றிவிட்டோமாம். 500 வெள்ளி அபராதம், 14 நாளில் கிரிலைக் கழற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்காக நாங்கள் கட்டியிருந்த 1,000 வெள்ளி டெபாசிட்டில் 500-ஐப் பிடித்தும் விட்டார்கள். கேட்டால் "ஹவுஸ் ரூல்" என்கிறார்கள். "மூன்று மாதம் மெயின்டனன்ஸ் கட்டாதீங்க, தானாக இறங்கி வருவாங்க" என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
செங்காங் வாசகி

பதில்: முதலில் உங்கள் மகனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள் அம்மா. அவர் சொன்னதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

அபராதச் சண்டை வேறு, பராமரிப்புக் கட்டணம் வேறு. பராமரிப்புக் கட்டணம் உங்கள் வீட்டின் பங்கு மதிப்பை (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருக்கிற பங்கின் அளவு) வைத்துப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்படுவது. அதைக் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். பாக்கிக்காக வீட்டின் மேல் பிணைப்பு பதிவு செய்யலாம். கடைசியில் வீட்டை விற்றுக்கூட வசூலிக்கலாம். அவ்வளவு தூரம் அதிகாரம் கொடுத்திருக்கிறது சட்டம். இன்னொன்றும் உண்டு. கூட்டத்துக்கு 3 நாள் முன்னால் வரை பாக்கி தீராவிட்டால் உங்கள் ஓட்டு போய்விடும். சண்டை போடுகிறவருக்கு இருக்கிற ஒரே ஆயுதம் ஓட்டு. அதை நீங்களாகவே கொண்டுபோய் எதிரி கையில் கொடுப்பீர்களா? நான் மேனேஜராக இருந்த நாளில், தகராறு பண்ணுகிற ஆள் கட்டணத்தை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆபீஸில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வரும். இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை.

சரி, 500 வெள்ளிக்கு வருவோம்.

நம் ஊரில் கொண்டோ நிர்வாகத்துக்கான சட்டம் 2004-இல் வந்த கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டம். 2005 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் திருத்தினார்கள், அந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவை 2019 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. மேனேஜ்மென்ட் என்று நாம் சொல்கிற எம்சிஎஸ்டி இந்தச் சட்டத்தின்படி உண்டாகிற அமைப்பு. வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். உங்களையும் சேர்த்துத்தான். கவுன்சில் என்பது அவர்கள் வருடாவருடம் தேர்ந்தெடுக்கிற சில பேர், அதிகபட்சம் 14. மேனேஜர் என்பது என்னை மாதிரிச் சம்பளத்துக்கு வந்தவர். உங்களுக்கு வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டது இந்த மூன்றில் யார் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது "ஹவுஸ் ரூல்". இந்த வார்த்தையைக் கேட்டதும் நம் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள். சட்டத்துக்குத் தெரிந்தது பைலா, அதாவது சட்டப்படி வந்த துணைவிதி, மட்டும்தான். பைலாவில் இரண்டு வகை. ஒன்று அரசாங்க விதிமுறைகளிலேயே அச்சடித்திருக்கிறது, எல்லாக் கொண்டோவுக்கும் பொது: சத்தம், வண்டி நிறுத்துவது, பொது இடத்தை அடைப்பது, குப்பை, துணி காயப்போடுவது, வளர்ப்புப் பிராணி என்று ஒரு பட்டியல். இன்னொன்று ஒவ்வொரு கொண்டோவும் தானாகச் சேர்த்துக்கொள்வது. அப்படிச் சேர்க்கக் கவுன்சில் நான்கு பேர் டீ குடித்துக்கொண்டு முடிவு செய்தால் போதாது. பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக வர வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விழுந்த ஓட்டுகளின் பங்கு மதிப்பில் 75 விழுக்காடாவது ஆதரவு வேண்டும். நிறைவேறிய பிறகு 30 நாளுக்குள் அதன் நகலைக் கட்டட ஆணையரிடம் சேர்ப்பிக்கவும் வேண்டும்.

இந்த வரிசையை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் கற்றுக்கொடுத்தார்.

கிழக்கே ஒரு பழைய கொண்டோவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். பார்பிக்யூ இடத்தை இரவு 10 மணிக்குள் காலி செய்யாவிட்டால் 150 வெள்ளி அபராதம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ். எனக்கு முன்னால் இருந்தவர் ஒட்டியது. நானும் அதை நம்பி மாதத்துக்கு மூன்று நான்கு கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கப்பல் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். பேத்தியின் பிறந்தநாளுக்கு 10.20 வரை இருந்துவிட்டார், அவருக்கும் கடிதம் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. பேத்தி, பிறந்தநாள் என்று எதையும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, "எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள்? தேதி சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார்.

எனக்குத் தேதி தெரியவில்லை. தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானம் முழுக்க மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) ஃபைல்களைப் புரட்டினேன். தீர்மானம் கிடைத்தது. ஆனால் அது சாதாரணத் தீர்மானமாக, கையைத் தூக்கி நிறைவேற்றியது. முன்னறிவிப்பு 14 நாள். ஆணையருக்கு அனுப்பியதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மறுநாள் தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பெரியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். விஷயம் பரவி, இன்னும் ஏழு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தோம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். "பாவம், குழந்தை" என்று ஆரம்பிக்காதீர்கள். அது நியாயமான பேச்சு, ஆனால் மேனேஜருக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும். கடிதம் எழுதுங்கள், ஆங்கிலத்தில், மின்னஞ்சலில், கவுன்சில் செயலாளருக்கும் ஒரு பிரதி போகிற மாதிரி. இவ்வளவு போதும்:

"தாங்கள் விதித்த 500 வெள்ளி எந்த பைலாவின் கீழ் வருகிறது? அந்த பைலாவின் முழு வாசகத்தை அனுப்பவும். அது நிறைவேறிய பொதுக்கூட்டத்தின் தேதி, மினிட்ஸ், ஆணையரிடம் சேர்ப்பித்ததற்கான பதிவு ஆகியவற்றைப் பார்வையிட விரும்புகிறேன். என் வீட்டுக்கு அபராதம் விதிக்க முடிவெடுத்த கவுன்சில் கூட்டத்தின் மினிட்ஸும் வேண்டும். இவை கிடைக்கும் வரை அபராதத்தையும் டெபாசிட்டில் பிடித்ததையும் ஏற்கவில்லை."

பார்வையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சட்டத்தின் 47-ஆவது பிரிவு. சின்னக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள்.

சரி, பைலா ஒழுங்காக நிறைவேறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிரில் விஷயத்தில் உங்கள் கை தாழ்ந்துவிடாது. பொதுவான பைலாக்களில் 5-ஆவது, பொதுச் சொத்தை மாற்றுவது பற்றியது. மேனேஜ்மென்ட்டின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சொத்தில் ஆணி அடிக்கக் கூடாது, திருகு போடக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதே பைலா சிலவற்றுக்கு விலக்கும் கொடுக்கிறது. திருடன் உள்ளே வராமல் தடுக்கிற பூட்டு அல்லது பாதுகாப்புச் சாதனம், பூச்சியும் பிராணியும் வராமல் தடுக்கிற வலை, அப்புறம் குழந்தைகளுக்குத் தீங்கு வராமல் தடுக்கிற அமைப்பு. உங்கள் பேரனுக்காகவே எழுதியது போல இருக்கிறது இல்லையா?

ஆனால் விலக்குக்கு ஒரு வால் உண்டு. வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், போட்ட பிறகு கட்டடத்தின் மற்றப் பகுதிகளோடு பார்வைக்கு ஒத்துப்போக வேண்டும். சண்டை வந்தால் இங்கேதான் வரும். கிரில் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டடத்தில் எல்லா ஜன்னல் சட்டமும் சாம்பல் நிறமாக இருக்க, உங்களுடையது மட்டும் தங்க நிறத்தில் மயில் தோகை விரித்து நின்றால் நானும் மேனேஜ்மென்ட் பக்கம்தான் பேசுவேன். கீழே போய் நின்று உங்கள் ஜன்னலைப் படம் எடுங்கள். பக்கத்து வீடுகளில் கிரில் இருந்தால் அதையும் எடுங்கள். நிறைய கொண்டோக்களில் அங்கீகரித்த வடிவங்கள் என்று ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதைக் கேளுங்கள். நிறம் மட்டும்தான் பிரச்சினை என்றால் "நிறத்தை மாற்றுகிறேன், கிரில் இருக்கட்டும், 500-ஐத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான சண்டை இந்த இடத்தில் முடிந்துவிடும். என் கணக்கில் உங்கள் பக்கம் பன்னிரண்டு அணா நியாயம். போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மீதி நாலணா.

டெபாசிட் பற்றி. அதைக் கட்டும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தேடி எடுங்கள். பொதுவாக அது லிஃப்ட் சுவரைக் கீறியது, உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளாமல் போனது போன்ற செலவுக்காக வாங்குவது. படிவத்தில் இல்லாத காரணத்துக்கு அதிலிருந்து எடுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிய குடத்தை அடகு வைத்த மாதிரி.

இதற்கெல்லாம் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டு இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் எம்சிஎஸ்டிக்கும் நடுவில் வரும் வழக்குகளுக்கான மன்றம். எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். முதலில் சமரசப் பேச்சுக்கு உட்கார வைப்பார்கள். அதில் முடியாவிட்டால்தான் விசாரணை. செல்லாத பைலாவைச் செல்லாது என்று அறிவிக்கவும், மேனேஜ்மென்ட் தன் கடமையைச் செய்யாவிட்டால் உத்தரவிடவும் போர்டுக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் சட்டக் கேள்விக்கு மட்டும். "கிரில் அழகாகத்தான் இருக்கு" என்று அங்கே போய் மறுபடியும் வாதாட முடியாது. 500 வெள்ளிக்காக வக்கீல் வைத்து இவ்வளவு தூரம் போவது லாபமா என்றால், இல்லை. கிரிலைக் கழற்றியே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அப்போது போங்கள்.

மேனேஜ்மென்ட்டும் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைலாவை மீறுகிறவரைத் தடுக்க, இழப்பீடு கேட்க, 32-ஆவது பிரிவு அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதனால் "பைலா செல்லாது, நீ யார் கேட்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதி வீரம் காட்ட வேண்டாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைப்பார்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஏஜிஎம், அதாவது வருடாந்தரப் பொதுக்கூட்டம், சீக்கிரம் வருகிறதா? வருடத்துக்கு ஒன்று நடந்தாக வேண்டும், முந்தையதிலிருந்து 15 மாதத்துக்குள். அபராதத்தையும் பாக்கி என்று காட்டி உங்கள் ஓட்டை நிறுத்தப் பார்க்கலாம். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறது என்று சொன்னால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிப் பணத்தைக் கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். கிரில் வழிகாட்டி பற்றி ஒரு தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே செயலாளருக்கு எழுதுங்கள். உங்கள் மாடியில் இன்னும் எத்தனை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்? அவர்கள் வர முடியாவிட்டால் பிராக்ஸி, அதாவது அவர்களுக்குப் பதில் ஓட்டுப் போடும் அனுமதி, எழுதி வாங்குங்கள். முன்பு ஒரே ஆள் ஐம்பது பிராக்ஸியோடு வந்து கூட்டத்தையே மடியில் கட்டிக்கொண்டு போவார். 2019-க்குப் பிறகு அந்த வேலை நடக்காது: ஒருவர் மொத்த வீடுகளில் 2 விழுக்காடு அல்லது 2 வீடு, எது கூடுதலோ அதற்கு மேல் பிராக்ஸி வைத்திருக்க முடியாது. அதனால் நான்கைந்து பேராகப் பிரித்து வாங்குங்கள்.

*

கேள்வி: வணக்கம் அம்மா. நான் உட்லண்ட்ஸ். மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் தனி வீட்டில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்காரர் சங்கம் என்று ஒன்று. தீபாவளிக்குப் போட்ட விளக்குச் சரத்தைப் பொங்கல் வரைக்கும் எடுக்கவில்லை, குப்பைத் தொட்டியை முதல் நாளே வெளியே வைத்தாள் என்று ஒரு நாளைக்கு 100 டாலர் வீதம் அபராதம் என்று மிரட்டல் வந்திருக்கிறது. அவள் அழுகிறாள். எங்களுக்கு இங்கே உட்கார்ந்து ஒன்றும் புரியவில்லை.
உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஐயா, அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2025 நடுவிலிருந்து ஒரு மீறலுக்குப் பொதுவாக 100 டாலருக்கு மேல் கிடையாது, உடல்நலம் அல்லது பாதுகாப்பைப் பாதிக்கிற விஷயம் தவிர. டெக்சஸ் வேறு மாதிரி. அதனால் தோழி சொன்னாள், யூடியூபில் வந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், மகளுடைய மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஃபுளோரிடாவில் தனி வீடுகள் உள்ள சங்கத்துக்குச் சட்டத்தின் 720-ஆவது அத்தியாயம். அடுக்குமாடிக் கொண்டோவாக இருந்தால் 718. மகளுக்கு முதலாவது.

என் தங்கை மகனும் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். அவனுக்காக இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அபராதம் போடுவதற்கு முன் சங்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்று அங்கே படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஒரு விசாரணைக் குழு கிடையாது.

முதல் படி, விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரிக்கிற குழுவில் குறைந்தது 3 பேர். அவர்கள் சங்க நிர்வாகிகளாகவோ ஊழியர்களாகவோ இருக்கக் கூடாது. நிர்வாகிகளின் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோராகவும் இருக்கக் கூடாது. அந்தக் குழு பெரும்பான்மையாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அபராதம் போட முடியாது. போர்டுத் தலைவர் என்னதான் குதித்தாலும்.

2024 ஜூலை முதல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்த 90 நாளுக்குள் விசாரணை நடக்க வேண்டும். முடிந்து 7 நாளுக்குள் முடிவை எழுத்தில் தர வேண்டும். விசாரணைக்கு முன்னாலேயே தவறைச் சரி செய்துவிட்டால் அபராதம் போட முடியாது. அப்புறம், உங்கள் மகளுக்கென்றே இரண்டு விஷயம். குப்பை எடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரத்துக்குள் தொட்டியைத் தெரு ஓரத்தில் வைத்ததற்கு அபராதம் கூடாது. பண்டிகை அலங்காரம் சங்க விதியில் சொன்ன நாளைத் தாண்டி இருந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அதற்கப்புறமும் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால்தான் அபராதம்.

ஆகவே மகளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். நோட்டீஸ் என்றைக்கு வந்தது? விளக்கு என்றைக்கு இறங்கியது? தொட்டி எத்தனை மணிக்கு வெளியே போனது? விளக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே இறக்கி, தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பொங்கல் முடிந்தாயிற்று, இனி அது எதற்கு?

ஒரு நாளைக்கு 100 டாலர் என்பது பொய்யில்லை. தொடர்ந்து நடக்கும் மீறலுக்கு நாள் கணக்கில் போடலாம். ஆனால் சங்கத்தின் ஆவணங்களில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய மொத்தம் 1,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1,000-க்குக் குறைந்த அபராதத்துக்காக வீட்டின் மேல் பிணைப்பும் போட முடியாது. "வீடு போயிடும்பா" என்று மகள் அழுதால் இதைச் சொல்லுங்கள். விசாரணைக்குக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். போகாமல் இருப்பது நம் ஆட்களின் பழக்கம். கூச்சம் என்பார்கள். கூச்சத்தின் விலை இங்கே 1,000 டாலர்.

*

கேள்வி: நான் வாடகைக்கு இருக்கிறேன், புக்கிட் தீமா பக்கம் ஒரு கொண்டோ. வந்த விருந்தாளியின் காரை விசிட்டர் இடம் இல்லாததால் கொஞ்ச நேரம் ஓரமாக விட்டோம். வீல் கிளாம்ப் போட்டுவிட்டார்கள். எடுக்க 200 வெள்ளி. நண்பர், "ஹேக்ஸா பிளேடு இருக்கு, அறுத்துடலாம்" என்கிறார். அறுக்கலாமா?

பதில்: அறுக்காதீர்கள் தம்பி. அடுத்தவர் பொருளை உடைத்தால் போலீஸ் கேஸாகிவிடும், அபராதம் எவ்வளவு அநியாயமாக இருந்தாலும். பணத்தைக் கட்டி, ரசீதில் "ஆட்சேபத்துடன்" என்று எழுதி, வண்டியை எடுங்கள். அப்புறம் மேலே செங்காங் அம்மாவுக்குச் சொன்ன அதே கேள்விகள்: எந்த பைலா, எந்தக் கூட்டம், 200 என்ற தொகை அதில் எழுதியிருக்கிறதா? நீங்கள் குடியிருப்பவர் என்ற முறையில் பைலா உங்களைக் கட்டும். ஆனால் கூட்டத்தில் ஓட்டு வீட்டுக்காரருடையது, பதிவேடுகளைப் பார்ப்பதும் அவர் மூலமாகத்தான் சுலபம். அவரையே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: "ஓரமாக" என்றால் எந்த ஓரம்? தீயணைப்பு வண்டி வருகிற பாதையாக இருந்தால் பேசாமல் 200-ஐ மறந்துவிடுங்கள். அங்கே வண்டி நிறுத்துவது தனிக் குற்றம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

*

கேள்வி: ஈசூனில் வீவக வீடு. வாசலில் துளசித் தொட்டியும் செருப்பு அலமாரியும் வைத்திருக்கிறேன். எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் ஸ்ட்ராட்டா போர்டுக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது. வீவக பேட்டையின் பொது இடத்தைப் பார்த்துக்கொள்வது நகர மன்றம். எம்சிஎஸ்டி என்ற பேச்சே அங்கே கிடையாது, அது வேறு சட்டம், வேறு வழி. நானும் ஈசூன்தான், என் வாசலிலும் துளசி இருக்கிறது. அதனால் அனுபவத்தில் சொல்கிறேன்: டேப் எடுத்து அளந்து பாருங்கள். நடைபாதையில் ஆள் தப்பித்துப் போக 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் கணக்கு. துளசி தப்பிக்கும், செருப்பு அலமாரிதான் பெரும்பாலும் மாட்டும். அளந்த படத்தோடு நகர மன்றத்துக்கு எழுதுங்கள். ஒத்துவராவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள், நகர மன்றத்தை நடத்துவது அவர்கள்தான். என் அலமாரி 8 சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தது. இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் பழைய செருப்புகள் குப்பைக்குப் போயின.